நின்றுகொண்டே வந்த தலைமையாசிரியை

“ஜூலை 1994. காலைப் பேருந்தில் நடத்துனர் மாணவிகளைச் சீண்டியதை நானே நேரில் கண்டேன்.” பள்ளத்தூரில் நான் ஆசிரியையாக இருந்த பள்ளியின் புகார்ப் பதிவேட்டில் எங்கள் தலைமையாசிரியை எழுதிய வரி இது.

முதலில் என்னிடம் வந்து அழுதவள் ஓர் எட்டாம் வகுப்பு மாணவி. வழக்கப்படி பதிவேட்டில் அவள் பெயரை எழுதப் போனேன்.

“எழுதாதீக டீச்சர்! அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பை நிப்பாட்டிருவாக” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெயரில்லாத புகாரைப் பேருந்து முதலாளி ஏற்கமாட்டாரே என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன்.

“அப்ப என் பேரு இருக்கட்டும்” என்றார்.

மறுநாள் மாணவிகள் ஏறும் கண்டனூரில் அதே பேருந்தில் இருவரும் ஏறினோம். நடத்துனருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை.

“அங்குட்டு சீட்டு கெடக்கு, உக்காருங்கம்மா.”

“நிக்கத்தான் வந்திருக்கேன்” என்று மாணவிகளுக்கு நடுவே நின்றார் தலைமையாசிரியை. நெரிசலில் நடத்துனரின் கை ஒரு பிள்ளையை நோக்கி நீண்டதும், அதைப் பிடித்தவர் பள்ளி வாசல் வரை விடவேயில்லை.

“விடுங்கம்மா, டிக்கெட் போடணும்!”

“இன்னைக்கு எல்லாரும் ஓசியிலயே வரட்டும்.”

பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

தலைமையாசிரியையின் பெயரில் முதலாளிக்குப் புகார் போனது; அடுத்த வாரம் வேறு நடத்துனர் வந்தார். என்னிடம் அழுத அந்தப் பெண் பத்தாவது வரை எங்களிடமே படித்தாள். குழந்தையைச் சாட்சியாக நிறுத்துமுன் பெரியவர்கள் போய் நின்று பார்க்க வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

பழைய நடத்துனரை வேலையைவிட்டு நீக்கினார்களா, பள்ளிப் பிள்ளைகள் ஏறும் வேறொரு வழித்தடத்துக்கு அனுப்பினார்களா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.