கடலை மூட்டைக்குக் குளிர்ந்த அறை, எனக்குத் தகர மச்சு

எனக்குக் கல்யாணமாகி அரியலூருக்கு வந்தது யுத்த காலத்தில். கணவருக்குத் திருச்சியில் வேலை. சனிக்கிழமை ரயிலில் வந்து திங்கட்கிழமை காலையில் போய்விடுவார். மாமியார் வீடு பழைய வீடு. அதன் நடு அறையில் மண்சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். எந்தக் கோடையிலும் குளிர்ந்து கிடக்கும். அங்கே என் கணவரின் அண்ணன் விதைக்கடலை மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார். எனக்குக் கொடுத்தது ஏணி வைத்து ஏறும் மச்சு.

ஓடு ஒழுகுகிறது என்று அதைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்ட மச்சு அது. நடுவில் மட்டும்தான் நிமிர்ந்து நிற்கலாம். காலை பத்து மணிக்கே தகரம் படபடவென்று வெடிக்க ஆரம்பித்துவிடும். முதல் கோடையைப் பல்லைக் கடித்துக்கொண்டு கழித்தேன். முற்றத்திலும் கூடத்திலும் ஆண்கள் படுப்பார்கள். புது மருமகள் அங்கே பாய் விரிக்க முடியுமா?

அடுத்த கோடையில் என் மகளுக்கு மூன்று மாதம். உடம்பெல்லாம் வேர்க்குரு, தலையில் வேனல் கட்டி. பால்கூடக் குடிக்காமல் அலறினாள். மூட்டைகளை மேலே ஏற்றிவிட்டு நடு அறையைத் தரும்படி மாமியாரிடம் கேட்டேன்.

“வெதக்கடலை வெந்துபோயிட்டா ஆடியில எதை வெதைக்கிறது? புள்ளைக்கு விசிறிவுடு, தூங்கிடும்” என்றார்.

கடலை வெந்துவிடும் என்று தெரிந்தவருக்குக் குழந்தை வேகும் என்று தெரியவில்லை.

பேத்தியைப் பார்க்க உடையார்பாளையம் பக்கத்திலிருந்து என் அப்பா வந்தார். மச்சில் ஏறியவர் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு தகரத்தை அண்ணாந்து பார்த்தார். உடனே இறங்கிப் போய்விட்டார். மறு வாரம் ஒரு வண்டி நிறையக் காய்ந்த கம்பந்தட்டையும் மூங்கிலைப் பிளந்த பிளாச்சும் கொண்டுவந்து இறக்கினார். என் பிறந்த வீட்டு மாட்டுக்கொட்டகைக்கும் தகரக் கூரைதான். சூடு தாங்காமல் மாடு நின்றபடியே இரைக்கிறதென்று கூரைக்கு அடியில் அவர் இதே தட்டையால் தட்டி கட்டியிருந்தார்.

“மாட்டுக்குப் போட்டதுதாம்மா. உனக்கும் போட வேண்டியதாப் போச்சே” என்றார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

தட்டையில் தீப்பிடிக்கும் என்று மாமியார் தடுத்தார். மண் பூசினால் பிடிக்காது என்று சொல்லிவிட்டு நான் வேலையைத் தொடங்கினேன். கல்யாணமாகாத நாத்தனார் எனக்குத் துணை. தகரத்துக்கு ஒரு சாண் கீழே பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிற்றால் கட்டி, அவற்றின்மேல் தட்டையை நெருக்கி அடுக்கினோம். பூச்சி வராமலிருக்க நடுநடுவே வேப்பிலை. அடிப்பக்கம் ஏரிக் களிமண்ணில் உமியைப் பிசைந்து பூசினோம். வெக்கை வெளியேற இரண்டு ஓரத்திலும் சந்து விட்டோம். தகரத்தின் மேலே சுண்ணாம்பில் கஞ்சி கலந்து அடிக்க மட்டும் ஓர் ஆள் வந்தான். வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் வேலை செய்ய முடியும் என்பதால் பத்து நாளாயிற்று. இருவருக்கும் கழுத்து பிடித்துக்கொண்டது. மண் காய்ந்த பிறகு ஒரு மத்தியானம் மகள் அசையாமல் தூங்கினாள். பயந்துபோய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்.

அந்த வாரமே கணவரின் அண்ணன் மேலே வந்து ஒரு பகல் படுத்துப் பார்த்தார். மறுநாள் மாமியார் சொன்னார்: “பெரியவனுக்குச் சூட்டு உடம்பு. இனிமே அவன் மேல படுத்துக்கட்டும். நீ புள்ளையத் தூக்கிக்கிட்டுக் கூடத்துக்கு வந்துடு.”

சனிக்கிழமை வந்த கணவரிடம் முறையிட்டேன். அண்ணன் கேட்டால் எப்படி மறுப்பது, கொடுத்துவிடு என்றார். எல்லாரையும்விட அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

கீழே அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதுவரை அவரிடம் நான் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று எதிரே போய் நின்றேன்.

“தட்டை எங்கப்பா கொண்டாந்தது. மண்ணு நானும் உங்க தங்கச்சியும் பூசினது. மச்சு வேணும்னா எடுத்துக்குங்க மாமா. தட்டியப் பிரிச்சிட்டு, எனக்கு எப்படிக் குடுத்தீங்களோ அப்படியே தரேன்.”

மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அரிவாளை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டேன். பின்னாலேயே நாத்தனாரும் ஏறிவந்து என் பக்கத்தில் நின்றாள். முதல் கயிற்றை அறுத்ததும் மண்கட்டி ஒன்று பொத்தென்று விழுந்தது. கீழேயிருந்து அண்ணன் குரல் கேட்டது. என்னிடம் அல்ல, அம்மாவிடம்.

“வுடும்மா. நான் கூடத்துலயே படுத்துக்கறேன்.”

அவ்வளவுதான். அறுத்த கயிற்றை நாங்களே திரும்பக் கட்டினோம். குழந்தையின் கட்டிகள் உடைந்து ஆறின. மாமியார் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. கடலை மூட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அடுத்த வருஷம் விருந்துக்கு வந்த உறவினர் ஒருவர், மச்சு எப்படி இவ்வளவு குளுமையாக இருக்கிறது என்று கேட்டார். எல்லாம் பெரியவனுடைய யோசனை என்றார் மாமியார். பெரியவர் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தார். மறுக்கவில்லை. மோர் கேட்டார்; நானும் ஊற்றினேன். ஏன் பேசாமல் ஊற்றினேன் என்று இன்றைக்கும் என்மேலேயே எனக்குக் கோபம்.