முகரக் கூடாத பூவும் துபாய் சென்ட்டும்

எங்கள் வீட்டில் பூவை முகர்ந்தால் அடி விழும். வேறு எதற்கும் அவ்வளவு சட்டென்று விழாது. கணக்குப் பரீட்சையில் தோற்று வந்தாலும், கிணற்றடியில் குடத்தைப் போட்டு உடைத்தாலும், அப்பா ஒரு முறை முறைத்துவிட்டு மறந்துவிடுவார். ஆனால் கூடையில் கிடக்கும் பிச்சிப்பூவை அள்ளி மூக்கருகே கொண்டுபோனால் போதும், எங்கிருந்துதான் வருமோ அந்தக் கை.

தோவாளைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் மாலை கட்டுகிறவர்கள். விடியும் முன்பே சந்தையிலிருந்து அரளியும் செவ்வந்தியும் சம்பங்கியும் பிச்சியும் வந்து இறங்கிவிடும். முன்னறையில் ஈரச்சாக்கை விரித்துக் கொட்டிவிட்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தால், காப்பி குடிக்கக்கூட எழுந்திருப்பது கஷ்டம். பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் அரளியில் ஒட்டியிருக்கும் இலைகளை ஆய்ந்து போடுவது என் வேலை.

சாமிக்குப் போகும் பூவை மனிதர் முகரக் கூடாது என்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். அப்பா அதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயிருந்தார். எந்தப் பூ கோவிலுக்குப் போகும், எது கல்யாண வீட்டுக்குப் போகும், எது அரசியல்வாதியின் கழுத்துக்குப் போகும் என்று கூடையில் கிடக்கும்போது யாருக்குத் தெரியும்? ஆகவே எதையுமே முகரக் கூடாது. அதிலும் அம்மன் கோவில் கொடை விழாவுக்கு மாலை கட்டும்போது மூச்சுக்காற்றுகூடப் பூவில் படாமல் இருக்க, மூக்கையும் வாயையும் சேர்த்துத் துவர்த்தால் கட்டிக்கொள்வார். வெளியூர்க்காரர்கள் துண்டு என்று சொல்வதைத்தான் நாங்கள் துவர்த்து என்போம்.

அம்மாவாவது தலையில் பூ வைப்பாளா என்றால் அதுவும் கிடையாது. பகலெல்லாம் கட்டிக் கட்டி விரல் கன்றிப் போனவளுக்கு, வேலை முடிந்ததும் பூவைக் கண்ணால் பார்க்கவே பிடிக்காது. பூவுக்கு நடுவிலேயே கிடந்ததால் நாங்கள் கமகமவென்று மணத்தோடு திரிந்தோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாள் முழுக்கச் சுற்றியிருக்கும் வாசம் மூக்குக்குத் தெரியாமலே போய்விடும். என் நினைவில் எங்கள் வீட்டு வாசம் என்றால் ஈரச்சாக்கும் வாழைநாரும்தான்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் மாமா துபாயிலிருந்து சென்ட் கொண்டுவந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. அந்த வருடம் கொடைக்குச் சில நாட்கள் முன்பு லீவில் வந்தார். எனக்கு மிட்டாயும் பென்சில் டப்பாவும், அம்மாவுக்கு வழுவழுவென்று ஒரு சேலையும், அப்பாவுக்குக் கறுப்பு மூடி போட்ட கனமான கண்ணாடிக் குப்பியும் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. மூடியைத் திறந்ததுமே அம்மா சிரித்துவிட்டாள்.

“பூக்காரனுக்குப் பூ மணத்தைக் குப்பியில அடைச்சா கொண்டாந்திருக்க? நீ உருப்படுவியாலே?”

“அக்கா, இது ஆம்பிளையளுக்க சென்ட். வெள்ளக்காரன் அவனுக்க அப்பன் காலத்துலேருந்து இதத்தான் அடிக்கான். எத்தனையோ புதுசு புதுசா வந்துபோச்சு, இது மட்டும் அப்பிடியே நிக்கு. ஒரு சொட்டு மாத்தல்ல, கேட்டியா” என்றார் மாமா, ஏதோ தானே காய்ச்சி வடித்தவர் மாதிரி. கையோடு அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு முறை பீச்சியும் விட்டார்.

அப்பா தயங்கினார். பிறகு கையை மெதுவாக மூக்குக்குக் கொண்டுபோனார். அப்பா ஒன்றை முகர்ந்து நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை. ஆற்றில் குளிக்க இறங்கி முதல் முங்கு முங்கி எழுந்தவரின் முகம் போல இருந்தது அவர் முகம். மறுபடியும் முகர்ந்தார். கையைத் திருப்பி இன்னொரு பக்கமும் முகர்ந்தார்.

“இது என்னத்துக்க மணம் மாப்ளே?”

“பூவுக்க மணம்தான் அத்தான். மல்லி, ரோஜா, அப்புறம் வாயில நொழையாத நாலஞ்சு பேரு போட்டிருக்கான்.”

“பூவுக்க மணமா” என்று அப்பா தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எங்கள் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. ரேஷன் கடைக்குப் போனால் சென்ட், முடி வெட்டப் போனால் சென்ட், மாட்டாஸ்பத்திரிக்குக் கன்றுக்குட்டியைக் கொண்டுபோனபோதும் சென்ட். தெருவில் அவர் போய் வெகுநேரம் ஆன பிறகும் மணம் நிற்கும். மாட்டு டாக்டரே மயங்கிவிட்டார் என்று அம்மா கேலி செய்தாள். பூவில் கை வைக்கும் நேரத்தில் மட்டும் குப்பியைத் தொடமாட்டார். சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் சாக்கின் முன்னால் வந்து உட்காருவார்.

கொடை நாள் வந்தது. அம்மனுக்கு மத்தியானப் பூசையில் சாத்தும் பெரிய மாலை, அப்பாவின் அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். அன்று காலை நான் இலை ஆய்ந்துகொண்டிருந்தேன். அப்பா குளித்துவிட்டு ஈரத்தலையோடு அலமாரியைத் திறந்தார். சலவைத் துவர்த்தை எடுத்தார். குப்பியையும் எடுத்தார். துவர்த்தின் உள்பக்கத்தில் மட்டும் லேசாகப் பீச்சி, மடித்து, மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

வியர்வை நாற்றம் தெரியாமல் இருக்கச் செய்கிறார் என்று நான் நினைத்தேன். அம்மாவும் பார்த்தாள். நாரைப் பல்லால் கடித்தபடி ஒரு நிமிடம் அவரையே பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

வழக்கமாகக் கொடை மாலை கட்டும்போது அப்பா சிடுசிடுவென்று இருப்பார். பூ சரியில்லை, நார் காய்ந்துவிட்டது, காற்று வருகிறது என்று எல்லாவற்றுக்கும் கத்துவார். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. துவர்த்துக்கு மேலே கண்கள் பாதி மூடியிருந்தன. மூச்சை ஆழமாக இழுத்து இழுத்துக் கட்டினார். அவ்வளவு அழகான மாலையை அதற்கு முன் அவர் கட்டி நான் பார்த்ததில்லை.

கோவிலில் கூட்டம் நெரிந்தது. அப்பா துவர்த்தை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, மாலையை இரண்டு கையாலும் ஏந்திப் பூசை செய்யும் போத்தியிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்டு இரண்டு எட்டு நடந்த போத்தி நின்றார். மாலையை முகத்துக்கு நேரே உயர்த்தினார். மூக்கை விடைத்து ஒரு இழுப்பு இழுத்தார். என்ன நினைத்தாரோ, இன்னொரு முறை, முன்னதைவிட நீளமாக இழுத்தார். பிறகுதான் அவர் முகம் மாறியது.

“இதென்ன, மாலையில சென்ட் மணக்கு! இத அம்மனுக்குச் சாத்த முடியாது. நீரு பூவ மோந்ததும் இதுவும் ஒண்ணுதான்வோய்.”

மேளம் நின்றுவிட்டது. மாலை திரும்பிவிட்டால் அன்றோடு போகாது. அம்மனுக்கு வந்த பூவை முகர்ந்தவர் என்ற பெயர் ஒருமுறை விழுந்துவிட்டால், சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோவிலும் எங்கள் வீட்டு மாலையை வாங்காது. அப்பா கட்டுவதற்கு மாலை இருக்காது. அது எனக்கே தெரிந்திருந்தது. பயத்தில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா முன்னால் வந்துவிட்டாள்.

“போத்தி, எனக்கொரு சம்சயம்” என்றாள் மிகப் பணிவாக. “மணம் தானா வந்துதா, இல்ல மோந்து பாத்தேளா?”

“தானாத்தான் வந்தது” என்றார் போத்தி.

“தானா வந்ததுன்னா அது இவரு தோளுல கெடக்க துவர்த்துலேருந்து வந்திருக்கும். இவரு பக்கத்துலதான நிக்காரு? எனக்க தம்பி துபாயிலேருந்து கொண்டாந்த சென்ட்டு. துவர்த்து மணக்கக் கூடாதுன்னு ஒரு விதியும் இல்லல்லா. இல்ல, மாலையிலேருந்துதான் வந்துதுன்னு தீர்த்துச் சொன்னேள்னா...” அம்மா மாலையிலிருந்து போத்தியின் மூக்கு வரைக்கும் ஒரு முறை பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

போத்தி மாலையைப் பார்த்தார். மாலைக்கும் தன் மூக்குக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அப்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது. சட்டெனக் கையைத் தாழ்த்தினார். கூட்டத்தில் யாரோ கெக்கெக்கே என்று சிரிக்க, அது அப்படியே பரவிவிட்டது. “சாத்தும் போத்தி, நேரம் போவுது!” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. போத்தி தீர்த்தத்தை எடுத்து மாலையின் மேல் தாராளமாகத் தெளித்தார். அப்படியே தன் தலையிலும் கொஞ்சம் தெளித்துக்கொண்டார். மேளம் மறுபடி முழங்கியது.

போத்தியும் லேசுப்பட்டவர் இல்லை. மாமா ஊருக்குத் திரும்பும் முன் அவரைத் தனியாக ஓரங்கட்டிப் பேசினார். அடுத்த லீவுக்கு மாமா இரண்டு குப்பி கொண்டுவந்தார்.

ஆனால் கொடையன்று அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் குப்பியை எடுத்துத் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் உள்ளே தள்ளினார். “இனிமே இது எனக்க மேல படாது. அம்மன் பொறுத்தது போதும்” என்று சாமி படத்தைப் பார்த்துச் சொன்னார். அவர் சொன்னால் சொன்னதுதான். அம்மா “சரி” என்றாள். போத்தியிடம் அவ்வளவு பேசியவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அப்பா கொஞ்ச நாள் களையிழந்து போனார். மணமில்லாமல் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தார். பிறகு ஒரு சாயங்காலம், கட்டு வேலையெல்லாம் முடிந்து அம்மா குளித்து வந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி மேல்தட்டுக்குள் கையை விட்டாள். குப்பியை எடுத்துத் தன் முந்தானையில் இரண்டு முறை பீச்சிக்கொண்டு, டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் நாற்காலிக்குக் கீழே வந்து உட்கார்ந்து பயறு பொறுக்க ஆரம்பித்தாள். அப்பா திடுக்கிட்டுப் பார்த்தார். அம்மா பயற்றைத்தான் பார்த்தாள்.

“அம்மா, அது ஆம்பிளையளுக்க சென்ட்டுல்லா?” என்று நான் கேட்டேன்.

“கொண்டாந்தாச்சு. வீணாப் போவாண்டாமேன்னுதான்.”

எனக்கு அது நியாயமாகவே பட்டது. பழைய சேலையைத் தலையணை உறையாக்குகிறவள், தேங்காய் எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்து வைத்துக் கடைசிச் சொட்டுவரை எடுக்கிறவள், சென்ட்டை மட்டும் விடுவாளா? அதன் பிறகு அநேகமாக எல்லாச் சாயங்காலமும் அம்மா ஆண்கள் சென்ட்டோடுதான் இருந்தாள். ஒரு முறை மாமா, அக்காவுக்குப் பாவம் என்று பெண்களுக்கான சென்ட் ஒன்று கொண்டுவந்தார். அதை என்னிடம் தள்ளிவிட்டு, பழையது எங்கே என்று கேட்டு அவரைத் திட்டினாள். இவளுக்கு நாகரிகம் தெரியவில்லையே என்று எனக்கு உள்ளூர வருத்தம்.

மாமா ஊரோடு வந்துவிட்ட பிறகு அதை வாங்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று. போன மாதம் விமான நிலையக் கடையில் எடுத்தேன். குப்பியின் வடிவம் மாறியிருந்தது, மணம் அப்படியே இருந்தது. “அப்பாவுக்கா மேடம்?” என்று கேட்டாள் விற்பனைப் பெண். அம்மாவுக்கு என்றேன். இது ஆண்களுக்கானது என்று அவள் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். மாதிரிக்குத் தந்த அட்டையை முகர்ந்தேன். முதலில் எலுமிச்சைத் தோல் மாதிரி ஏதோ, அது விலகியதும் அடியிலிருந்து பிச்சியும் ரோஜாவும் எழுந்துவந்தன. பிறந்ததிலிருந்து மடி நிறையப் பூவை வைத்துக்கொண்டு ஒரு பூவைக்கூட முகராத மனிதர், நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுக்க வேறெங்கே போவார்? அட்டையை மூக்கிலிருந்து எடுக்காமல் அங்கேயே நின்றுவிட்டேன். அந்தப் பெண் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

அம்மா முந்தானையில் பீச்சிக்கொண்ட அந்த முதல் சாயங்காலம் அப்பா கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு, ஃபேன் காற்று அங்கே சரியாக வரவில்லை என்று சொல்லி நாற்காலியை அம்மாவின் பக்கம் நகர்த்திப் போட்டார். எனக்குத் தெரிந்து காற்று முன்பிருந்த இடத்தில்தான் நன்றாக வரும். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சு மெதுவாக ஏறி ஏறி இறங்கியது.

“அம்மா, அப்பா உறங்கியாச்சு” என்றேன்.

“உறங்கல்ல மக்கா” என்றாள் அம்மா, பயற்றிலிருந்து கண்ணை எடுக்காமல். “நீ சத்தம் போடாம இரி.”

உறங்காதவர் எதற்குக் கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு செய்து, அப்பாவின் உறக்கம் கலையாமல் எழுந்துபோய் டிவியை அணைத்தேன்.