முத்தழகின் தலையட்டை

அரியக்குடி முத்தழகுக்கு ஒரு குணம். குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும், மற்றவர்களும் அவளிடம் அப்படியே சொல்லிவிட வேண்டும். கணிதத்தில் எம்.எஸ்சி. முடித்து, 1973இல் காரைக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தாள். கடலோரப் பாலங்களின் இரும்பு எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கும் என்று கணக்கிட, கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் வேலை. கம்ப்யூட்டர் மட்டும் அங்கே கிடையாது! நிரலை அட்டைகளில் துளைகளாகப் போட்டுக் கட்டிக் கொடுப்பாள். கட்டு ரயிலேறிச் சென்னைக்குப் போகும். பதில் வர ஒரு வாரமாகும்.

அந்த மிஷின் இருக்கிறதே, நிரலில் சந்தேகமான இடத்தைக் கண்டாலும் தானாக வாயைத் திறக்காது. "சந்தேகம் இருந்தால் சொல்" என்று கட்டின் தலையில் ஓர் அட்டை வைத்துக் கேட்டால்தான் சொல்லும். முத்தழகு அதைப் பிள்ளையார் சுழியாகவே ஆக்கிவிட்டாள். அது இல்லாமல் ஒரு கட்டும் அவள் கையை விட்டுப் போகாது.

"குத்தம் சொல்லுன்னு நீயே கேட்டு வாங்குறியாக்கும்? அதுக்குப் பேசாம ஒரு மாமியாரைத் தேடிக்கிரலாம்ல?" என்று அம்மா காளியம்மாள் சிரிப்பாள்.

அடுத்த ஆண்டு ஒரு மாதம் சென்னை மிஷினில் நேரம் கிடைக்கவில்லை. கட்டைப் பெங்களூருக்கு அனுப்பச் சொன்னார் மேலதிகாரி மெய்யநாதன். பாலத்துக்காரர்களுக்கு மாதக் கடைசிக்குள் விடை போயாக வேண்டும். அதோடு முத்தழகின் வேலைக்காலமும் முடிகிறது. நல்லபடியாக முடித்தால்தான் நீட்டிப்பு.

கட்டு ஓடாமலே திரும்பி வந்தது. சென்னை மிஷினுக்கான தலையட்டை பெங்களூர் மிஷினுக்குப் புரியவில்லையாம். புரியாத ஓர் அட்டையைத் தள்ளிவிட்டு மேலே போனால் என்ன குறைந்துவிடும்? போகாது. அப்படி ஒரு வீம்பு.

"அந்த அட்டையை உருவிட்டு அனுப்புங்கம்மா. ஓடுனாப் போதும்," என்றார் மெய்யநாதன்.

"சரியா ஓடுதான்னு தெரிய வேணாமா சார்? ரெண்டு நாள் குடுத்தீகன்னா போதும்."

டிரங்க்கால் போட்டுப் பெங்களூர்க்காரர்களிடம் விசாரித்தாள். பிறகு தலையட்டையை நிரலிலிருந்தே பிரித்துவிட்டாள். நிரல் எல்லா ஊருக்கும் பொது. தலையட்டை மட்டும் ஊருக்கு ஒன்று, அந்தந்த மிஷினுக்குப் புரிகிற மாதிரி. கட்டு எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊர் அட்டை மேலே ஏறும்.

இந்த முறை விடை வந்தது. கூடவே ஓர் எச்சரிக்கையும் வந்தது. ஓரிடத்தில் எண் மதிப்பே கொடுக்காத ஒரு குறியீட்டை வைத்துக் கணக்குப் போட்டிருந்தாள். சென்னை மிஷினின் எச்சரிக்கைகளில் இது சேர்த்தியில்லை. பூஜ்ஜியமென்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. அப்படியானால் போன வருடக் கணக்கு முழுவதும் தப்பு. வேலை போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டே மெய்யநாதனிடம் நேரே போய்ச் சொன்னாள்.

அவர் எச்சரிக்கை வந்த தாளை வாங்கிப் பார்த்தார். "பழைய கணக்கு வெளிய போகலையே?"

"இல்ல சார். எல்லாத்தையும் சேத்துத்தானே அனுப்புறதா இருந்தீக."

"நல்ல வேளை. பாலத்துக்காரங்கள்ட்ட நான் தவணை கேட்டுக்கிறேன். திருத்தி ரெண்டு ஊருக்கும் அனுப்புங்க. பம்பாய்லயும் ஒரு மிஷினு இருக்காம், அதுக்கும் ஒரு தலையட்டை போடுங்க."

"பம்பாய்ல வரிசை நீளமாச்சே, பதில் வர ரெண்டு மாசம் ஆகுமே சார். எனக்கு இந்த மாசத்தோட..."

"வரட்டும்மா. வந்தா, பிரிச்சுப் பாக்க நீங்கதானே இருக்கணும்?"