கிருத்திகைக்கு ரெண்டு சுற்று

கார் மெக்கானிக்குகளுக்குத் தெரியும்: ஓடுகிற வண்டியைக் கொண்டுவருபவர் நம்மைத் திட்டுவார், ஓடாத வண்டியைக் காட்டுபவர் கும்பிடுவார்.

கோழி அடைகாத்த சீட்

எழுபதுகளில் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் ஷெட். ஒரு நாள் அம்மையார்குப்பத்திலிருந்து சரோஜாம்மா வந்து என்னைக் கூட்டிப்போனார். தறிக்கூடத்துக்குப் பின்னால் அவர் கணவர் ஆசையாக வாங்கிய பழைய இங்கிலீஷ் கார். அவர் இறந்து ஒன்பது வருஷம்; கார் நின்றும் ஒன்பது வருஷம். பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் இன்னும் ரெண்டு தறி போட வேண்டுமென்று கொழுந்தன் வேலு பழைய இரும்புக்காரரிடம் பேசிவிட்டார். ஆடிக் கிருத்திகைக்கு வண்டி திருத்தணி மலையேறினால் வீட்டில் தங்கும், இல்லாவிட்டால் சம்மட்டிதான் என்று கெடுவும் வைத்திருந்தார். சரோஜாம்மா என் முகத்தையே பார்த்தார். வேலு சொன்னார்: "வீணா மெனக்கெடாதீங்க மேஸ்திரி. இஞ்சினு உள்ள கல்லாப் பூட்ச்சி."

நாலு ஓட்டை, ஒரு கரண்டி

எனக்கும் அதே பயம்தான். நெடுநாள் நின்ற இஞ்சினில் பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் ஊற்றிவிட்டு நாள்கணக்கில் காத்துக்கிடந்த அவஸ்தை உங்களுக்கும் இருக்கும். சரி பார்ப்போம் என்று முன்பக்கம் இஞ்சினைச் சுற்றும் கைப்பிடியைச் செருகி அழுத்தினேன். வழுக்கிக்கொண்டு சுற்றியது! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பிளக்கைக் கழற்றினால் விளக்கெண்ணெய் வாசனை.

யார் இதில் கை வைத்தது என்று கேட்டேன். சரோஜாம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அவருதாங்க காட்டிக் குடுத்தாரு. நான் வர்ற வரைக்கும் கிருத்திகைக்குக் கிருத்திகை பிளக்கக் கழட்டி நாலு ஓட்டையிலயும் ஒரு கரண்டி எண்ணெ ஊத்தி, ரெண்டு சுத்து சுத்துன்னாரு. அவரு வர்ல. நிறுத்துன்னும் யாரும் சொல்லல."

கட்டை விரல்

எலி கடித்த வயரை மாற்றி, டேங்கில் பிசினாகிப்போன பெட்ரோலைக் கழுவி, கார்பரேட்டரைப் பிரித்துப் பூட்ட நாலு நாள் ஆனது. கிருத்திகைக்கு முந்தின நாள் காலை இரும்புக்காரரின் மாட்டுவண்டி வாசலுக்கே வந்துவிட்டது. நான் கைப்பிடியை ஓங்கிச் சுற்றினேன். அது திருப்பி உதைத்து என் விரலைப் பதம்பார்த்தது. அவசரத்தில் கட்டை விரலை மடக்கிப் பிடித்திருந்தேன். இருபது வருஷ சர்வீஸ்காரன் செய்கிற காரியமா இது?

"விரல மடக்கக் கூடாதுன்னு அவரு சொல்லுவாரு. கொஞ்சம் தள்ளுங்க," என்று சரோஜாம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தார். கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. குபுகுபுவென்று வெள்ளைப் புகை, விளக்கெண்ணெய் நாற்றம், என் தலைக்கு மேல் கோழி. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது! தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. வேலு செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே வந்தார். "அண்ணி, நாளிக்கி மலைக்கி நானும் வரட்டுமா?"

நெடுநாள் நின்ற வண்டி எது வந்தாலும் இப்போதெல்லாம் பானெட்டைத் திறப்பதற்கு முன் அந்த வீட்டு அம்மாவிடம் விசாரித்துவிடுகிறேன். நமக்குள் இருக்கட்டும், பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும்.