கைதட்டலுக்குச் சொன்ன சாட்சி

நீலகிரித் தைலமும் நனைந்த கம்பளியும் கலந்த வாடைதான், அந்த ரிட்ரீட்டை நினைத்தால் முதலில் மூக்கில் ஏறுகிறது. மே விடுமுறையில் பந்தலூரிலிருந்து எங்கள் சபைப் பிள்ளைகளை வேனில் ஏற்றி, வளைவுக்கு வளைவு வாந்தியெடுக்க வைத்து, குன்னூரில் ஒரு பழைய பங்களாவில் மூன்று நாளைக்கு இறக்கிவிட்டார்கள். விசுவாசத்தில் வளர்வதற்காம். எனக்கும் என் உயிர்த்தோழி ஸ்டெல்லாவுக்கும் அப்போது வயது பதின்மூன்று.

கோவையிலிருந்து வந்த பிரதர் ஒருவர் எங்களைப் பிழிந்தெடுத்தார். கையில் மைக், காலில் பளபளக்கும் ஷூ, வேண்டும்போது வரும் கண்ணீர். மூன்றாம் நாள் "சாட்சி" சொல்ல வேண்டும்; அதாவது, செய்த பாவத்தையும் அதிலிருந்து கர்த்தர் மீட்டதையும் எல்லார் முன்னும் எழுந்து சொல்ல வேண்டும். அம்மாவை எதிர்த்துப் பேசினேன் என்றவர்களுக்கு ஒப்புக்கு ஒரு "அல்லேலூயா" கிடைத்தது. சிகரெட் பிடித்தேன் என்ற கூடலூர்ப் பையனுக்கோ மண்டபம் அதிரக் கைதட்டல். பாவத்துக்கு மார்க் போட்டார்கள், அவ்வளவுதான். ஸ்டெல்லா மட்டும் எழுந்து, "எனக்கு அப்படி ஒண்ணும் இல்லங்க பிரதர், நான் ஜெபம் பண்ணிக்கிறேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். பிரதரின் முகம் சுண்டிப்போனது.

அடுத்தது நான். கைதட்டலுக்கு அலைந்த அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் அறையத் தோன்றுகிறது. எங்கள் ஊர்க் கோயிலில் திருவிருந்துக்கு வைத்திருந்த திராட்சை ரசத்தைத் திருடிக் குடித்தேன் என்றேன்.

"பூட்டி வச்சிருப்பாங்களே, எப்படிங்க பாப்பா எடுத்தீங்க?" என்று பிரதர் ஆவலாகக் கேட்டார்.

கோயில் சாவி ஸ்டெல்லாவின் அப்பாவிடம் இருந்தது. கோயிலைப் பெருக்கி, மணியடித்து, அதற்காகக் கோயில் பின்னாலிருந்த ஒற்றை அறையில் குடும்பத்தோடு குடியிருந்தவர் அவர். "ஸ்டெல்லாதான் சாவி எடுத்துக் குடுத்தா" என்றேன். என்ன கைதட்டல்! "பொய்யி!" என்று ஸ்டெல்லா கத்தியதை, "சாத்தான் மறுதலிக்கிறான்" என்று மைக்கிலேயே அமுக்கினார் பிரதர். எனக்கு ஜிப் வைத்த பைபிள் பரிசு.

எங்கள் வேனுக்கு முன்னால் சாட்சி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. பாட்டிலில் ரசம் குறைந்திருக்கிறதா என்று எட்டிக்கூடப் பார்க்காத கமிட்டிப் பெரிய மனிதர்கள், ஸ்டெல்லாவின் அப்பாவிடம் சாவியைத் திருப்பிக் கேட்டார்கள். "எம் பிள்ளையச் சந்தேகப்பட்ட எடத்துல நான் இருக்கலீங்க ஐயா" என்று சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார் அவர். ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்த நான், அவர்களுடைய பாத்திர மூட்டை ஆட்டோவில் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் போதகரிடம் ஓடி உண்மையைச் சொன்னேன்.

"இப்பப் போயி மாத்துனா கமிட்டிக்கு என்னம்மா மரியாத?" என்றார். அந்தக் குடும்பம் எஸ்டேட் "லயத்தில்", தொழிலாளர் வரிசை வீடுகளில் உறவுக்காரர் ஒருவருக்குக் கொடுத்திருந்த அறையில், ஒண்டிக்கொண்டது.

அடுத்த ஞாயிறு ஸ்டெல்லா கோயிலுக்கு வந்தாள். வழக்கம்போல என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பாட்டுப்புத்தகத்தைப் பிரித்து, என்னைப் பார்க்காமலேயே, பாதியை என் பக்கம் நகர்த்தினாள். விசுவாசம் என்று ஒன்று இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். அந்த மூன்று நாளில் அல்ல.

இப்போது குன்னூர் பங்களா ரிசார்ட் ஆகிவிட்டது. ஸ்டெல்லாவின் அறையை இடித்துப் போதகரின் காருக்கு ஷெட் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளின் சாட்சி யூடியூபில் வருகிறது. பாவங்களும் நன்றாகத் தேறியிருக்கின்றன. போன கிறிஸ்துமஸுக்குத் திருப்பூரிலிருந்து வந்திருந்த ஸ்டெல்லாவிடம், "இன்னைக்காவது சபை முன்னாடி எந்திரிச்சு உண்மையச் சொல்லிடட்டுமாடி?" என்று கேட்டேன்.

"சொல்லு," என்றாள். "கேக்க வேண்டிய எங்கப்பாதான் இப்ப இல்ல."