ராஜாமணி கொதித்தால் சாட்சி பேசும்

திசுவைச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டில் ஒட்டுகிற எங்கள் தொழிலில் நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, பார்த்துவிட்டால்தான் சிக்கல். வீரையனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் எங்கள் ஆய்வக வாசலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. யாருக்கோ நன்றி சொல்ல வந்திருந்தார். அந்த யாரோ நானில்லை.

கத்தியில் விரலைக் கீறிக்கொண்டும் ஃபார்மலின் நெடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டும் காலம் தள்ளிய சகாக்களுக்காக நடந்ததை எழுதுகிறேன். தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆய்வகம், தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் பள்ளிப் படிப்போடு நின்றவன். மற்றதையெல்லாம் ஒரு பழைய அகராதியும், மருந்துக் குப்பிகளோடு மடித்து வரும் தாள்களும் எனக்குச் சொல்லிக்கொடுத்தன.

எலி மருந்து

செல்லுக்குள்ளே பந்தல் கால்களைப் போல ஒரு புரதம் நின்று அதன் உருவத்தைத் தாங்குகிறது. விமென்டின் என்று பெயர். நோயோடு சண்டை போடுகிற வெள்ளணுக்களில் அது உண்டு. தொண்டை, குடல் இவற்றின் உள்பூச்சாக இருக்கும் செல்களில் பொதுவாக இல்லை. அந்தப் புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளை எலியைக் கொண்டு தயாரித்து, சின்னக் குப்பியில் அடைத்து விற்றார்கள். அது ஒட்டிய இடத்தைச் சாயத்தால் பழுப்பாக்கிப் பார்ப்போம்.

முதல் குப்பி சென்னையிலிருந்து ரயிலில் தெர்மோகோல் பெட்டிக்குள் ஐஸோடு வந்தது. லேபிளில் 'மவுஸ் ஆன்ட்டி விமென்டின்'. எங்கள் ஸ்டோர்கீப்பர் முதல் இரண்டு வார்த்தைகளோடு நிறுத்திக்கொண்டு, 'எலி ஒழிப்பு மருந்து' என்று பதிவேட்டில் எழுதி, பினாயில் டின்களுக்கு நடுவே வைத்துவிட்டார். அறுவடைக் காலம், ஊரெல்லாம் வயல் எலிப் பேச்சு. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஐஸ் பாதி கரைந்திருந்தது. உடனே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று பதறினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"எலி மருந்தை ஃபிரிட்ஜுக்குள்ள வச்சா, எந்த எலி சார் வந்து கதவைத் திறந்து குடிக்கும்?"

மூன்று வாய்தா

வீரையன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். அறுபது வயதிருக்கும். கழுத்தில் கட்டி. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் அதில் ஒன்றை எடுத்து, ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மறுநாளே தஞ்சாவூருக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். கெட்டுப்போகக் கூடாதே என்று கம்பவுண்டர் ஃபார்மலினைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றிவிட்டார்.

ஆனால் மறுநாள் அவருக்குக் கோர்ட்டு. பதினோரு குடும்பங்கள் தலைமுறையாகச் சாகுபடி செய்த நிலம் அது. அவர்கள் குத்தகைதாரர்களே இல்லை, வெறும் கூலியாட்கள் என்று மிராசுதார் தரப்பு வாதாடியது. ஒவ்வொரு வருஷமும் களத்தில் குத்தகை நெல்லை அளந்து போட்டவர் வீரையன். அதைக் கண்ணால் பார்த்தவர்களில் அவர் ஒருவர்தான் உயிரோடு இருந்தார். அன்றைக்கு வழக்கு வாய்தா போட்டுத் தள்ளிப்போனது. அடுத்ததும் வாய்தா. அதற்கடுத்ததும். அதுவரை பாட்டில் பூனைக்கு எட்டாமல் உறியில் தொங்கியிருக்கிறது. ஒன்றரை மாதம் கழித்து எங்களிடம் வந்தபோது, கழுத்தின் மறுபக்கத்திலும் கட்டிகள் கிளம்பியிருந்தன. நான் கோபித்துக்கொண்டேன். அவர் துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"கட்டி எங்கயும் போயிடாது சார். ஜட்ஜ் ஐயாவுக்குத்தான் மாத்தல் வரப்போவுதுங்கறாங்க."

பேசாத கண்ணாடி

எங்கள் டாக்டரம்மா வழக்கமான சாயத்தில் பார்த்தார். உருண்டை உருண்டையான செல்கள், இடைவெளி இல்லாமல். அது வெள்ளணுவிலேயே கிளம்பிய புற்றாக இருந்தால், ஊசியில் கரையும், இரண்டு மூன்று வருஷம் கிடைக்கலாம். தொண்டையிலிருந்து பரவி வந்ததாக இருந்தால் சில வாரங்கள்தான். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி. விமென்டின் போட்டுப் பாருங்கள் என்றார்.

போட்டேன். எங்குமே பழுப்பு இல்லை. வெள்ளணு இல்லை என்று எழுதிவிடலாம் என்றார் அங்கே பயிற்சிக்கு வந்திருந்த டாக்டர். நான் தயங்கித் தயங்கி, ரத்தக்குழாய்ச் சுவர்களைப் பாருங்கள் சார் என்றேன். யாருடைய உடம்பானாலும் அந்தச் சுவர்கள் பழுப்பாகத்தான் வேண்டும்; வேலை சரியாக நடந்தது என்பதற்கு அதுதான் எங்களுக்குச் சாட்சி. அதுவும் வெளுத்துக் கிடந்தது. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

வெளியே பெஞ்சில் வீரையன் உட்கார்ந்திருந்தார். சொல்லக் கூடாதுதான். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் பேசுகிற சாட்சி ஒன்று உங்கள் விஷயத்தில் வாய் திறக்கவில்லை, அதனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை என்றேன். அவர் என்னையே திருப்பிக் கேட்டார்:

"பேசலேன்னா இல்லைன்னு ஆயிடுமா சார்? வாயைக் கட்டிப் போட்டிருப்பாங்க. அவுத்துவிட்டுக் கேளுங்க."

மூடியில் பேர்

அவர் சொன்னது அப்படியே உண்மை. ஃபார்மலின் செய்வது அதைத்தான். புரதங்களை ஒன்றோடொன்று கட்டிப்போட்டுவிடும். அதிக நாள் ஊறினால் எதிர்ப்பொருளுக்கு ஒட்ட இடம் கிடைக்காது. கண்ணாடித் துண்டைப் பிரஷர் குக்கரில் உப்புக் கரைசலில் கொதிக்கவைத்தால் அந்தக் கட்டு தளரும் என்று ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்திருந்தது. டாக்டரம்மா படித்துக் காட்டினார். ஆஸ்பத்திரியில் குக்கர் கேட்டு எழுதினால், அனுமதி வருவதற்குள் வீரையன் இருப்பாரா என்று தெரியாது.

வீட்டில் ஒரு குக்கர்தான் இருந்தது. என் மனைவி ராஜாமணிக்குச் சீர் கொடுத்தது. மூடியில் அவள் பெயரை வெட்டியிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். அடுப்பிலிருந்து இறக்கி, சோற்றை வேறு பாத்திரத்தில் மாற்றி, குக்கரைப் புளி போட்டுத் தேய்த்துத் துடைத்துக் கையில் கொடுத்தாள்.

"இனிமே இதுல சமைக்க முடியாது, தெரியுங்க. போவட்டும். அரசாங்கச் சொத்துன்னு அந்தப் பேரை மட்டும் சுரண்டிடாதீங்க."

மூன்று விசில்

எத்தனை நேரம் என்று எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. சஞ்சிகையில் நிமிஷக் கணக்கு இருந்தது. குக்கருக்கு விசில் கணக்குதான் தெரியும். மூன்று என்று வைத்துக்கொண்டோம். எங்கள் அட்டெண்டர் மூடியைப் படித்துவிட்டு அன்றைக்கே அதற்குப் பெயர் வைத்துவிட்டார். பெஞ்சில் காத்திருந்தவர்களிடம், "ராஜாமணி கொதிக்கணும், அப்பத்தான் பதில் வரும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே எனக்குக் கேட்டது.

இரண்டு கண்ணாடிகளில் திசு கழன்று மிதந்துவிட்டது. மூன்றாவது நின்றது. மைக்ராஸ்கோப்பில் முதலில் ரத்தக்குழாய்ச் சுவர்களைத் தேடினேன். காப்பிக் கறை போலத் தெளிவான பழுப்பு. பிறகு நடுவே கட்டியின் செல்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் பழுப்பு வளையம். உள்பூச்சுச் செல்களைக் காட்டும் இன்னொரு எதிர்ப்பொருளையும் போட்டோம். அது ஒட்டவே இல்லை. இது மட்டும் போதாது என்று ஒரு துண்டை வெளியூருக்கும் அனுப்பினோம். பின்னால் அங்கிருந்தும் அதே பதில்தான் வந்தது. ஆனால் டாக்டரம்மா அதுவரை காத்திருக்கவில்லை. கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமலே சொன்னார்:

"வெள்ளணுதான் கணேசன். வார்டுல ஊசியை ஆரம்பிக்கச் சொல்லுங்க."

அமைச்சர் வந்த நாள்

அதற்குள் ஆட்சி மாறியது. சுவரில் படமும் மாறியது. பழைய படத்தை அட்டெண்டர் தூக்கிப் போடவில்லை. புதுப் படத்துக்குப் பின்னாலேயே அதே சட்டத்தில் வைத்தார். ஐந்து வருஷத்தில் திருப்பிப் போட வசதி என்றார். புது அமைச்சர் ஒருவர் ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்க்க வந்த நேரத்தில் குக்கர் விசில் அடித்துவிட்டது. கூட வந்த அதிகாரிகள் முகம் வெளுத்தது. டாக்டரம்மா ஃபார்மலின், புரதம், கட்டு எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். அமைச்சர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, போகும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"சாதம் வைக்கிறதுன்னாலும் சொல்லிடுங்கம்மா. நானும் பசி தெரிஞ்சவன்தான்."

மஞ்சள் பை

ஊசியில் கட்டிகள் கரைந்தன. முடி கொட்டிய தலையோடு வீரையன் கூண்டில் ஏறினார். மூன்று வருஷம் கழித்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னார். எதிர்த் தரப்பு வக்கீல், சாகக் கிடந்தவனுக்குப் பழைய ஞாபகம் எப்படி இருக்கும் என்று கேட்டாராம். கட்டி கழுத்தில்தான் வந்தது, தலைக்குப் போகவில்லை என்று இவர் சொல்ல, கோர்ட்டே சிரித்ததாம். பதினோரு பேரையும் குத்தகைதாரர்களாகப் பதிய உத்தரவாகிவிட்டது. பையில் இருந்தது அந்த நிலத்து உளுந்து. யாருக்கு என்றேன். ராஜாமணி அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார். அவங்க கொதித்தால்தான் பதில் வரும் என்று அன்றைக்குச் சொன்னார்களே, கோபக்கார அம்மா போலிருக்கிறது, அதனால்தான் செருப்பைக் கழற்றினேன், மிராசுதார் தெருவிலேயே கழற்ற மாட்டேன் என்று அடி வாங்கியவன் நான் என்றார்.

ராஜாமணி போய் நாலு மாதம் ஆகியிருந்தது. உள்ளே அழைத்துப்போய்க் குக்கர் மூடியைக் காட்டினேன். விவசாயிகள் சங்கத்தில் எழுத்துக் கற்றவர் அவர். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். என் வீட்டுக்காரங்க என்றேன். இருக்காங்களா என்றார். இல்லை என்று தலையாட்டினேன். பையை மெதுவாக மூடிமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

"பேரு இருக்குல்ல சார். எங்க பதினோரு பேருக்கும் அது வந்து சேரத்தான் இத்தனை வருஷம் ஆச்சு."

அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார், நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆய்வகத்தில் இப்போது இருப்பது, நான்கு முறை ரப்பர் வளையம் மாற்றிய ஒரு குக்கர், சொத்துப் பதிவேட்டில் அதற்கு எண் கிடையாது, மூடியில் பெயர் இருக்கிறது.