வெட்னெஸ்டே

என் வீட்டுக்காரர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவர். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து இடம் மாறி உட்கார்ந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. மருந்து டப்பா, சோப்பு உறை, பக்கத்து வீட்டுப் பையனின் பனியனில் இருக்கும் வாசகம் என்று எதையும் விடமாட்டார். ஆனால் அதே ஆங்கிலத்தை வாயால் சொல்லச் சொன்னால்தான் வம்பு. காலமெல்லாம் கண்ணால் மட்டுமே படித்த மனுஷர், எழுதியிருப்பதை எழுதியபடியே சொல்லுவார். ரசீது அவருக்கு ‘ரிசிப்ட்’. கத்தி ‘க்னைஃப்’.

திருத்தினால் கோபம் வரும்.

“எழுத்துன்னா சத்தம் போடணும். நம்ம ஆய்த எழுத்தைப் பாரு, மூணே புள்ளி. அதுகூட ‘அஃது’ல தன் வேலையைப் பார்த்துட்டுப் போகுது. இவன் என்னடான்னா முன்னாடி ஒரு கே-யைக் கூட்டிட்டு வந்து உட்கார வச்சிட்டு, வாயைத் திறக்காதேங்கிறான். தண்டச்சோறு!”

எங்கள் மகளுக்கு ஸ்பெல்லிங் சொல்லிக் கொடுத்ததும் இந்த நியாயப்படிதான். புதன்கிழமையை ‘வெட்-னெஸ்-டே’ என்று ராகம் போட்டுச் சொல்லுவார்; அவளும் கூடவே பாடுவாள். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் தொலைத்த அந்த டி-யை அவள் மட்டும் ஒரு நாளும் தொலைத்ததில்லை. ஆனால் வளர்ந்த பிறகும் நாக்கு அதை விடவில்லை.

இந்தக் கதையில் இன்னொருவர் உண்டு. என் தங்கை வீட்டுக்காரர், அதாவது இவருடைய சகலை. ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவர். அவர் குரலில் கேட்டால் ரயில் தாமதமாக வருவதுகூட நல்ல செய்தி மாதிரி இருக்கும். எழுதச் சொன்னால் பத்து வார்த்தைக்கு எட்டு தப்பு. ஆனால் பேசும்போது ஸ்பெல்லிங் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவரைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். இவர் ஓரமாக நின்று அழைப்பிதழில் தப்பு தேடிக்கொண்டிருப்பார். வயிறு எரியும் இவருக்கு. பேச்சுக்குச் சொல்லவில்லை, அப்படிக் கல்யாணத்துக்குப் போய் வந்த அன்றெல்லாம் வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொள்வார்.

மகளுக்கு ஓட்டல் வரவேற்பு வேலைக்கு இன்டர்வியூ வந்தது. ஆங்கிலத்தில் பேச வைத்துப் பார்ப்பார்களாம். அவள் நேரே சித்தப்பாவுக்கு போன் போட்டாள். தினமும் சாயங்காலம் உள் அறையில் போனிலேயே பயிற்சி நடந்தது. இவர் கூடத்தில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“என்னைக் கேட்டிருக்கலாம்ல?” என்றார், சமையலறை வாசலில் வந்து நின்று.

“உங்களைக் கேட்டா க்னைஃப்னு சொல்லுவீங்க.”

முகம் தொங்கிப்போய்விட்டது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஸ்பீக்கரில் சகலையின் குரல் கணீரென்று வந்தது. “வென்ஸ்டே-ம்மா, வென்ஸ்டே! அந்த டி உங்கப்பா ஒட்டி விட்டது. முதல்ல அதைக் கழுவிட்டு வா. இன்டர்வியூல மானம் போயிடும்.”

இன்டர்வியூ முடிந்து மகள் துள்ளிக்கொண்டு வந்தாள். வேலை கிடைத்துவிட்டது.

“எல்லாம் நல்லாத்தான் பேசினேன். கடைசில எப்ப சேருவீங்கன்னு கேட்டாங்க. வெட்னெஸ்டேன்னுட்டேன்! கேள்வி கேட்ட மூணு பேரும் சிரிச்சுட்டாங்கப்பா.”

அவளும் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாள். இவர் காதில் விழுந்தது அந்த மூன்று பேர் சிரித்தது மட்டும்.

“வேலைக்குப் போற இடத்துலயும் சிரிப்பாங்க,” என்றார் என்னிடம். “என்னாலதானே?”

மறுநாள் குளியலறையில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வீணாகிறதே என்று திட்டப் போனவள், கதவருகே நின்றுவிட்டேன். உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“சகல, இன்னொரு தடவை சொல்லுங்க... வென்... சரி, டி எங்க போச்சு? நாக்கு அந்தப் பக்கம் போகவே கூடாதா?... வெட்... இல்ல இல்ல, சிரிக்காதீங்க. வென்ஸ்... வென்ஸ்டே.”

அந்த மனுஷனிடம் மணி என்ன என்றுகூடக் கேட்க மாட்டார் இவர். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கிவிட்டது. திட்டாமலே திரும்பி வந்துவிட்டேன்.

வேலையில் சேர்வதற்கு முதல் நாள் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். இவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“ஏம்மா, நாளைக்கு வென்ஸ்டே. நேரத்தோட கிளம்பிடு.”

வார்த்தை சுத்தமாக வந்து விழுந்தது. பாராட்டு வரும் என்று மகளைப் பார்த்தார். அவள் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

“என்னப்பா சொன்னீங்க?”

“வென்ஸ்டே.”

“யாரு சொல்லிக் குடுத்தா?”

இவர் என்னைப் பார்த்தார். நான் கரண்டியைப் பார்த்தேன்.

“சித்தப்பாவா?”

மெல்லத் தலையாட்டினார். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூக்கு நுனி சிவந்து, உதடு கோணி, அப்படியே அப்பனை உரித்து வைத்திருந்தது. கல்யாண வீட்டில் ஓரமாக நிற்கும் அதே முகம்.

“என்னைக் கேட்டிருக்கலாம்ல?” என்றாள்.

அவர் தட்டை என் பக்கம் நீட்டி இன்னொரு கரண்டி சோறு கேட்டார். அன்று மாத்திரை போடவில்லை.